ஷியாமளாவின் சொந்த ஊர்

வரைபடத்திலிருந்து மழை வாசனை வந்தது. பஹ்ரைனில், ஜூன் மாதத்தில், ஒரு மணிக்கே ஆபீஸ் முடிந்து எல்லோரும் சாப்பிடவும் தூங்கவும் வீட்டுக்குப் போய்விட்ட பிறகு, ஏசி மட்டும் இருமிக்கொண்டிருந்த டிராயிங் ஹாலில், அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் குனிந்திருந்த உமாபதிக்கு, உழுத வயலில் தூறல் விழுந்தாற்போல் ஈர வாசனை மூக்கில் ஏறியது. துணி ஒட்டிய பழைய காகிதம், கப்பலில் வந்தது, நமுத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வரைபடம் அவன் மேலதிகாரி பிரைஸுடையது. மனிதரை இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் முகம் சிவந்துவிடும். வேல்ஸ்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு மாதமாக அவருக்கு ஒரே பித்து, கொள்ளுத்தாத்தா பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் அந்த ஊர் இல்லை. கடைசியில் அவருடைய அத்தை வேல்ஸிலிருந்து அனுப்பிய, கையால் வரைந்த இந்த வரைபடத்திலும், இரண்டு மலைகளுக்கு நடுவே பெயர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ பிளேடால் சுரண்டி வைத்திருந்தார்கள். அதை மீட்டுத் தரச்சொல்லித்தான் உமாபதியிடம் கொடுத்திருந்தார்.

சுரண்டினால் மை போகும். பேனா அழுத்திய தடம் போகாது. பதினோரு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாகக் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா? பென்சில் தூளை மெல்லத் தேய்த்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பென்ட்ரவாத். அதே இடத்தில் கறுப்பு மையால் திரும்ப எழுதினான். ஒரு நிமிடத்தில் காய்கிற மை அது. கிளம்பும் நேரத்தில் தொட்டுப் பார்த்தபோதும் விரலில் ஒட்டியது.

அன்று சாயங்காலம் ஈசா டவுன் வீட்டில், ஏழு வயது மகள் ஷியாமளா பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தோடு வந்து நின்றாள்.

“அப்பா, நேட்டிவ் பிளேஸ்னு போட்டிருக்கு. என் ஊர் எது?”

வளைகுடாவில் பிறந்த பிள்ளைகளைப் பார்க்கிற தமிழரெல்லாம் கேட்கும் கேள்விதான். உமாபதிக்குக் கும்பகோணம், மனைவி பிரபாவதிக்கு விருதுநகர், மகள் பிறந்ததோ மனாமா ஆஸ்பத்திரியில். கும்பகோணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாழாய்ப்போன வாய்க்கு வேடிக்கை பேசத் தோன்றியது.

“ஒனக்கு ஏதுடி ஊரு? எங்க ஆபீஸ்ல ஆளே இல்லாம ஒரு ஊர் சும்மா கெடக்கு. பென்ட்ரவாத். அத வெச்சுக்கோ.”

“நெஜமா எனக்கா?”

“ஒனக்கேதான்.”

“ஏங்க, கொழந்தையப் போயி...” என்று பிரபாவதி சிரித்தாள். அப்பாவிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, மருதாணி வைத்த விரல்களால் ஷியாமளா அதைப் படிவத்தில் முத்து முத்தாக எழுதினாள்.

மறுநாள் மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த அவள் பாதங்களில் கறுப்புச் சேறு இருந்தது. பஹ்ரைனில் மணல் உண்டு, சுண்ணாம்புத் தூசி உண்டு. புல் வேர் ஒட்டிய இப்படியொரு வழவழப்பான சேறு எங்கும் கிடையாது. எங்கே போய் மிதித்தாளோ என்று அலுத்துக்கொண்டே பிரபாவதி துடைத்துவிட்டாள். மூன்றாம் நாள் தூங்கி எழுந்தபோது தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

“எங்கம்மா போன?”

“ஊருக்குப்பா. அங்க மழை. எல்லா வாசல்லயும் பசங்க நிக்கிறாங்க. ரொம்ப நாளா யாருமே வரலையாம்.” கொட்டாவி விட்டாள். “நாளைக்கு அங்கயே இருந்துடட்டுமா?”

“ஒன் ஊர் கும்பகோணம்டா கண்ணு. அப்பா சும்மா சொன்னேன்.”

“இல்ல. நீதான குடுத்த.”

அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். குழந்தையின் உடம்பு சில்லென்றிருந்தது. மகள் கையை விட்டுப் போய்விடுவாள் என்று அப்போதுதான் பயந்தான். படிவம் ஏற்கெனவே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த நாள் ஒரு மணிக்கு, ஹால் காலியானதும், பிரைஸின் அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் கேட்டு முடித்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பெயரைச் சுரண்டியதே அந்த ஊர்க்காரர்கள்தான், உமாபதி. அத்தை எழுதியிருந்தாள். அது என் ஊர் என்று யார் சொன்னாலும் அந்த ஊர் அவர்களை அழைத்துக்கொள்ளுமாம். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் இரவெல்லாம் காதருகே கேட்டுக்கொண்டே இருக்கும். உன் ஊர் எது, உன் ஊர் எது என்று.” அவர் முகம் மலர்ந்திருந்தது. “மூன்று நாளாகக் கேட்கவில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.”

“சார், அவ கொழந்த சார்.”

“ஆமாம். அதற்குக் குழந்தைகளைத்தான் பிடிக்கும்.”

தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

பாவி. மேசைமேல் போன் அடித்தது. உமாபதி எடுத்தான். பக்கத்து வீட்டிலிருந்து பிரபாவதி.

“ஏங்க, புள்ளயக் காணோம்! கதவு உள்தாப்பா போட்டபடியே இருக்கு. படுக்கையெல்லாம் தண்ணி... ஏங்க, நீங்க வாங்க!”

ரிசீவர் கையிலிருந்து விழுந்தது. ஹாலுக்கு ஓடினான். மேசை விளக்கைப் போட்டான். பிளேடை எடுத்தான்.

சுரண்டினான். முதல் எழுத்து போயிற்று. இரண்டாவது. மை இன்னும் காயவில்லை. விரலெல்லாம் வழிந்தது. பெயர் போனால் ஊர் போகும். ஊர் போனால் பிள்ளை வந்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும். கடைசி எழுத்து. அழுத்திச் சுரண்டினான். பிளேடு துணியைத் துளைத்தது.

சட்டைப் பொத்தான் அளவு ஓட்டை.

துணிக்கு அடியில் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் விளக்கு. ஓட்டையில் மட்டும் வெளிச்சம் இல்லை. கும்மிருட்டு. உள்ளே எங்கோ ஆழத்தில் மழை பெய்யும் சத்தம்.

ஒரு விரல் மேலே வந்தது.

சின்ன விரல். மாநிறம். நுனியில் மருதாணிச் சிவப்பு. விளிம்பைத் தடவித் தடவித் தேடியது.

“அப்பா.”

பிடித்துக்கொண்டான். இழுத்தான். ஓட்டை பெரிதாகவில்லை. மறு கையால் துணியைக் கிழித்தான். கிழிக்கக் கிழிக்க ஒட்டிக்கொண்டது. சுரண்டியாயிற்று. பெயர் இல்லை. அவள் திரும்பி வர வழியும் இல்லை. அவனே அடைத்துவிட்டான்.

“அப்பா, வலிக்குது.”

அந்த விரலை ஒட்டி இன்னொரு விரல் நுழைந்து வந்தது. வெளுத்த விரல். நகம் இல்லை. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் குழந்தை விரல்கள். அவை மருதாணி விரலைச் சுற்றிப் படர்ந்துகொண்டன. பிறகு, அவன் பிடித்திருக்கப் பிடித்திருக்கவே, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கணுவாக அதைக் கீழே இழுத்தன.