மூன்று கட்டில் பெரட்டு

"கால் இருக்கிறவங்களுக்கு நடக்க ஏன் முடியாமப் போகும்?"

யசோதினி டீச்சர் இதைக் கேட்டது நிரஞ்சலாவிடம்தான். விண்வெளியில் பல மாதம் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களைப் பற்றிய பாடம் அது. நிரஞ்சலா எழுந்து நின்றாள். வகுப்பில் வாயைத் திறப்பதென்றாலே அவளுக்குப் பயம்.

"செருப்ப மேலயே விட்டுட்டு வந்திருப்பாங்க டீச்சர்!" என்றான் பின்வரிசைக் கஜேந்திரன். வகுப்பே சிரித்தது.

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. "அங்க உடம்போட பாரமே தெரியாது. காலுக்கு வேலை இல்ல. வேலை இல்லாத கால் மெலிஞ்சு போயிடும். அதுக்கு வழி தேட, நல்லா இருக்கிறவங்களையே வாரக்கணக்கா கட்டில்ல படுக்க வச்சு ஆராயிறாங்க. ஒரு நாட்டு டொக்டர்மார் எலும்பைப் பார்ப்பாங்க, இன்னொரு நாட்டுக்காரங்க இதயத்தைப் பார்ப்பாங்க. யாரு எதைக் கண்டுபிடிச்சாலும் மத்தவங்களுக்குச் சொல்லிடுவாங்க."

அந்தப் பாடம் அடுத்த மாதமே நிரஞ்சலாவுக்குத் தேவைப்பட்டது.

தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன இடத்தில் அவளுடைய அம்மா அங்கம்மா சறுக்கி விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பதுளை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கால் அசைய மறுத்தது.

"எக்ஸசைஸ் செஞ்சாத்தான் காலுக்குப் பலம் வரும். பலம் வந்தாத்தான் வீட்டுக்குப் போகலாம்" என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டும். அப்பா மாடசாமி வைக்கும் பருப்புக் கறியை தோட்டத்து லய வீடுகளைச் சுற்றும் நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஒரு மாலை, அப்பாவுடன் தங்கள் ஊர் ஹாலிஎலயிலிருந்து பஸ்ஸில் வந்த நிரஞ்சலா, "ஏம்மா, இன்னிக்கும் கால ஆட்டலயா?" என்று கேட்டாள்.

"பெரட்டுல பேர் கூப்பிடாம நான் எந்த வேலையத் தொட்டிருக்கேன்?" என்றார் அம்மா. தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடி நிற்கும் இடம்தான் பெரட்டு. வேலையை மேற்பார்க்கும் கங்காணி பேர் கூப்பிட்ட பிறகுதான் யாரும் மலைக்குப் போவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாலும், கண்ணில் வலி தெரிந்தது.

'சரி, நானே பெரட்டுப் போடுறேன்' என்று நினைத்தாள் நிரஞ்சலா. ஆனால் பெற்ற தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எப்படி? யோசித்தாள். டீச்சர் சொன்ன பாடம் ஞாபகம் வந்தது.

"அம்மா, பேருக்குப் பதிலா ஆளுக்கொரு நாடு. உங்களுக்கு எது வேணும்?"

"இலங்கை. அத வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

எதிர்க் கட்டிலில் இருந்த ஸித்தி ஸுபைதா தலையைத் தூக்கினார். பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவர். "எனக்கு ஜப்பான் தாங்க மகள். எங்கட தையல் மெஷின் ஜப்பான்தான். ஒரு நாளும் மக்கர் பண்ணினது இல்ல."

ஜன்னலோரக் கட்டிலில் சோமாவதி. சிங்களம் மட்டும்தான் தெரியும், தமிழ் தெரியாது. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். நிரஞ்சலா அவரைச் சுட்டிக்காட்டி, "ஜெர்மனி" என்றாள். அவர் திரும்பவே இல்லை.

"ஜெர்மனி கோவமா இருக்கு போல" என்று ஸுபைதா கிசுகிசுத்தார்.

வகுப்பில் வாயே திறக்காத நிரஞ்சலா கட்டில்களுக்கு நடுவில் வந்து நின்றாள். சத்தமாகக் கத்தினாள்: "இலங்கை! ஜப்பான்! ஜெர்மனி! எல்லாரும் பாதத்தை மேல! கீழ!"

பிறகு, அப்பா சொல்லிக்கொடுத்த சிங்களத்தில், "கக்குல உடட்ட!" என்று, காலை மேலே தூக்கச் சொன்னாள்.

ஜப்பான் பாதம் வேகமாக ஆடியது. இலங்கை முக்கி முனகியது. ஜன்னலோரத்தில், போர்வைக்குள் ஏதோ மெல்ல அசைந்தது.

தினமும் மாலையில் பெரட்டு நடந்தது. பாதம் ஆட்டுவது அம்மாவுக்குப் பழகிவிட்டது. ஆனால் முழங்காலைக் கீழே அழுத்தச் சொன்னால், "ஐயோ, என்னால முடியல புள்ள" என்று கண்கலங்குவார்.

ஒரு நாள் சோமாவதியின் போர்வை விலகிக் கிடந்தது. முழங்காலுக்கு அடியில், குளித்துத் துடைக்கும் துவாய் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். அதை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் வலியே இல்லை!

நிரஞ்சலா நர்ஸிடம் ஓடினாள். "மிஸ், அம்மாவுக்கும் அப்படி வைக்கலாமா?"

"தாராளமா வைக்கலாம்" என்று நர்ஸே துவாயைச் சுருட்டி வைத்தார்.

அம்மா பயந்து பயந்து அழுத்தினார். இன்னொரு தடவை அழுத்தினார். "அட, வலி கொறவா இருக்கே!"

"ஜெர்மனி கண்டுபிடிச்சது!" என்று நிரஞ்சலா கூவினாள்.

"அப்ப ஜப்பானுக்கும் ஒரு துவாய் கொண்டு வாங்க" என்றார் ஸுபைதா.

ஜன்னலோரம் சுவரைப் பார்த்திருந்த முகம், முதல் தடவையாக இந்தப் பக்கம் திரும்பியது.

அடுத்த வாரம் அம்மா நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்தார். "நாளான்னிக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார் நர்ஸ். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனிப் பருப்பு வேகவைக்க வேண்டாம் என்ற சந்தோஷமாகவும் இருக்கலாம்.

அன்றைக்கே சோமாவதி வீட்டுக்குப் புறப்பட்டார். மகனின் கையைப் பிடித்தபடி, அம்மாவின் கட்டிலையும் ஸுபைதாவின் கட்டிலையும் கடந்து மெதுவாக நடந்தார். நிரஞ்சலாவுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பின்னாலேயே இரண்டு எட்டு வைத்தாள்.

வாசலில் அவர் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நிரஞ்சலாவைப் பார்த்தார். செருப்புப் போட்ட பாதத்தை மேலே தூக்கினார். கீழே இறக்கினார்.

அம்மாவின் பாதமும் கட்டிலில் மேலே போய்க் கீழே வந்தது.

சோமாவதி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.