மாமனார் பிடித்த நாடி

தக்கலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ஓட்டு வீட்டில் வந்திறங்கியபோதே ஜெயசிங்கின் முகம் சுளித்தது. அது செத்துப்போன மாமனாரின் வீடு. சுயம்பு ஆசான் என்றால் அந்த வட்டாரத்தில் கை பிடித்து நாடி பார்க்கும் பெரிய வைத்தியர். மருமகனுக்கோ வெறும் எண்ணெய்ச்சட்டி. ஆசானின் ஒற்றை மகளான மனைவி சபிதா அழுது கேட்டதால்தான் குடிவந்தார். சுவரெல்லாம் தைல வாடை ஊறிக் கிடந்தது.

"ஒனக்க அப்பன் செத்தும் நாத்தம் போவல்ல" என்றார்.

ஜெயசிங்கிற்கு இதயத் துடிப்பு தாளம் தப்பும் நோய். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பையில் கட்டிய கோழிபோல நெஞ்சு திடீரென்று படபடக்கும். ரத்தம் உறையாமலிருக்க நாகர்கோவில் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அதை ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் ரத்தக்கட்டி மூளைக்கு ஏறிக் கை கால் விழுந்துவிடும் என்றும் எச்சரித்திருந்தார்.

மழை இருட்டிய ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. ஆசானின் கட்டிலில் படுத்திருந்தவருக்கு நெஞ்சு புரண்டது. வலது மணிக்கட்டில் சில்லென்று மூன்று விரல்கள் பதிந்தன.

"விடுட்டி" என்றார்.

சபிதா மீன் கழுவும் சத்தம் அடுக்களையிலிருந்து வந்தது.

விரல்கள் நகரவில்லை.

ஒன்று அழுத்தியது. ஒன்று தளர்ந்தது. தைல வாடை முகத்துக்கு நேரே வந்து நின்றது.

வேறொருவர் என்றால் அலறியிருப்பார். ஜெயசிங்கிற்குப் பயத்தைவிட இளக்காரம் பெரிது. "செத்த பொறவும் தொழில விடல்லியா ஓய்?" என்று முனகினார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு சீரானது.

பிறகு நெஞ்சு புரளும்போதெல்லாம் விரல்கள் வந்தன, படபடப்பும் அடங்கியது. ஓசி வைத்தியம் கிடைத்துவிட்ட தெம்பில், சபிதாவுக்குத் தெரியாமல் மாத்திரைகளை ஜன்னல் வழியே வாழைமூட்டில் எறியத் தொடங்கினார். அதற்காக மாமனாரை மதித்தாரா? அதுவுமில்லை. கூலியில்லாத வேலைக்காரனிடம் நீட்டுவதுபோலக் கையை நீட்டுவார்.

அன்றும் தாளம் தப்பியது. "வாரும் ஓய்" என்று கையை நீட்டினார்.

எதுவும் தொடவில்லை.

தைல வாடை கட்டிலை ஒருமுறை சுற்றிவந்தது. பிறகு அடுக்களைப் பக்கம் நகர்ந்தது.

நீட்டிய கை தொப்பென்று விழுந்தது. மடக்கப் பார்த்தார், யாருடைய கையோ போலக் கிடந்தது. சபிதாவைக் கூப்பிட வாயைத் திறந்தார். கோணிய வாயிலிருந்து எச்சில்தான் வடிந்தது. வாழ்நாளில் முதல்முறையாகப் பயந்தார், கேவலமாகப் பயந்தார்.

அடுக்களையில் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"அப்பாவா?" சபிதாவின் குரல் தாழ்ந்து கேட்டது. "எனக்கு ஒண்ணுமில்லப்பா. அவியளத்தான் பாக்கணும்."

தைல வாடை கட்டில் பக்கம் திரும்பவில்லை.

"வேண்டாமா?"

ஜெயசிங் தொண்டையைச் செருமப் பார்த்தார். காற்றுகூட வரவில்லை.

"சரிப்பா" என்றாள் சபிதா. துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.