சான்று தேவை

சான்று இல்லாத எதுவும் இந்தப் பூமியில் நடந்ததே இல்லை. இதை மனித குலத்துக்கு உணர்த்தத்தான் தான் பிறந்திருப்பதாகச் சிவநேசன் மனதார நம்பினான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்று திறந்துகிடக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்தபடி, தினமும் சிலரை அவன் இல்லாமல் ஆக்கிவந்தான்.

அன்று மாலை அகப்பட்டவர் கிள்ளான் ஊரைச் சேர்ந்த புஷ்பவல்லி. ஆற்றில் மூழ்கிச் செத்த மகனுக்கு ஒரே வரியில் ஒரு பக்கம் எழுதியிருந்தார்.

“‘கன்னையா நல்ல பிள்ளை’யாம்லா!” சமையலறைப் பக்கம் பார்த்துச் சிரித்தான். “யாரு சொன்னா? ஆத்தாக்காரி! வெக்கமே இல்லாம எழுதுறாங்க பாரு.”

“பாவம்ங்க. இருந்துட்டுப் போகட்டுமே,” என்றாள் மனைவி மாதவி.

அந்தப் பக்கத்தை நீக்கினான். உடனே உரையாடல் பக்கத்தில் புஷ்பவல்லி எழுதினார்: “தம்பி, அவனுக்கு ஐசி இல்ல, பிறப்பு சூரா இல்ல, எந்த அடையாளப் பத்திரமும் இல்ல. அந்தப் பக்கம் ஒண்ணுதான் இருந்துச்சு.”

“செத்ததுக்காவது சான்று இருக்கா ஆன்டி?” என்று பதில் போட்டான். கூடவே ஒரு சிரிப்புப் படமும் வைத்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மோனோரயில் தடத்தின் இரைச்சலும், அடுப்பில் தாளிக்கும் கடுகின் வெடிப்பும், எங்கிருந்தோ மெல்ல ஏறிவந்த ஆற்றுச்சேற்று வாடையும் ஒன்றோடொன்று கலந்து அறையை நிறைத்த நேரத்தில், தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருந்த பயனர் பக்கத்தில், தன் பெயருக்குப் பின்னால், மற்றவர்கள் பக்கங்களில் அவன் ஒட்டும் அதே இரண்டு சின்னச் சொற்களைப் பார்த்தான்.

சான்று தேவை.

போட்டவரின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அழித்தான். மறுபடி வந்தது. அழித்தான். இம்முறை ‘பணி: கணக்காளர்’ என்ற வரியே காணோம். கைப்பேசியை எடுத்தான். அலுவலகக் குழு இல்லை. மேலாளரின் எண் இல்லை.

வாடை நெருங்கியது. நாற்காலியின் முதுகு நனைந்திருந்தது.

‘மனைவி: மாதவி.’ அந்த வரி அவன் கண்ணெதிரே மறைந்தது.

சமையலறையில் சத்தம் நின்றது.

கரண்டியோடு மாதவி வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே… யாரு நீங்க?”

“மாதவி, வெளையாடாத.”

“எப்படிண்ணே உள்ள வந்தீங்க?”

எட்டு வருடம் ‘என்னங்க’ என்று கூப்பிட்ட வாய். அண்ணே.

அவள் கரண்டியை வீசிவிட்டு வெளியே ஓடினாள். “கார்ட்! கார்ட்!” என்று காவலாளியைக் கூப்பிடும் அலறல் படிக்கட்டில் இறங்கிப்போனது.

சிவநேசன் திரையின் பக்கம் திரும்பினான். புதிய பக்கம் திறந்தான். தட்டினான்.

சிவநேசன் நல்ல பிள்ளை.

சேமித்தான். நீக்கப்பட்டது. மீண்டும் தட்டினான். நீக்கப்பட்டது. ஓர் எழுத்து விழவில்லை. குனிந்து பார்த்தான். ஆள்காட்டி விரல் இல்லை. ரத்தம் இல்லை. காயமும் இல்லை. அங்கே எப்போதுமே எதுவும் இருந்திராதது போல வழவழப்பான தோல்.

பின்கழுத்தில் ஈரமூச்சு.

மிச்ச விரல்களால் தட்டினான். சிவநேசன் நல்ல