சுவருக்குத் தீவனம்

காலையில் எழுந்ததும் முதலில் சுவருக்குத் தீவனம் வைக்க வேண்டும். நாமக்கல் பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கம். கறிக்கடைக் கழிவாகக் கிடந்த கோழி இறகை நெகிழியோடு கலந்து பலகை வார்த்த காலம் போய், இறகின் உயிருள்ள வேரையே கலந்து வீட்டை வார்க்கும் காலம் இது. ஊட்டக்குழாயில் தீவனக் கரைசல் ஊற்றினால் போதும். விரிசல் விழுந்த இடத்தில் இழை முளைத்து, பசை கசிந்து, இறுகிவிடும். கதவு, சன்னல் ஓரங்களில் மட்டும் வளர்ச்சியைத் தடுக்கும் பூச்சு இருக்கும்.

செங்கோட்டுவேலின் சுவர்கள் மழையில் தொய்ந்துவிட்டன. வீட்டை வார்த்த நிறுவனம் சுவரை மாற்றச் சொன்னது. அவருக்குச் சிரிப்புதான் வந்தது. பாதி ஆயுளைக் கோழிப்பண்ணையில் கழித்தவரிடமா இந்தக் கதை? முட்டை குறைந்த கோழியைத் தண்ணீர் மட்டும் வைத்துப் பத்து நாள் பட்டினி போட்டால் பழைய இறகு கொட்டும். பிறகு வயிறாரத் தீவனம் வைத்தால் புது இறகோடு மறுபடி முட்டையிடும். சுவரும் இறகுதானே என்று தீவனத்தை நிறுத்தினார்.

பழைய இழை தூசியாக உதிர்ந்தது. கூடவே பூச்சும் உதிர்ந்ததை அவர் கவனிக்கவில்லை. இன்று காலை குழாய் நிறையத் தீவனம் ஊற்றிவிட்டு டீக்கடைக்குப் போனார். மனைவி மரகதம் உள்ளறையில் தூசியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது உள்ளறைக்குக் கதவு இல்லை, சன்னலும் இல்லை. பசித்துக் கிடந்த சுவருக்குத் திறப்பெல்லாம் விரிசலாகப் பட்டிருக்கிறது.

"மரகதம்!"

"உள்ளதானுங்க இருக்கறேன். கதவு மூடிக்கிச்சுங்க."

குரல் தெளிவாகக் கேட்டது. காற்று புகும் சுவர் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். ரம்பத்தால் அறுத்தார். அறுத்த தடம் ரம்பத்துக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டது. கடப்பாரை சுவரிலேயே சிக்கிக்கொண்டது. தரை, கூரை எல்லாம் ஒரே வார்ப்பு.

நிறுவனத்தில் போனை எடுத்தவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "புது வளர்ச்சிங்க சார். வெட்ட வெட்ட மூடும். பட்டினி போட்டாத்தான் இளகும்."

செங்கோட்டுவேல் ஊட்டக்குழாயை அடைத்தார். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு. செவுத்தப் பட்டினி போட்டிருக்கறேன்."

பட்டினி என்றால் எத்தனை நாள் என்று மரகதத்துக்கும் தெரியும். கோழிகளுக்குத் தீவனத்தை நிறுத்தியது அவளும்தான்.

"ஏனுங்க," என்றாள் உள்ளிருந்து. "கோழிக்காச்சும் தண்ணி வெச்சமுங்களே."