மூன்றாவது தூணருகே வளைந்த வண்டி

வாட்டிய தேயிலைக் கொழுந்தைச் சுமந்து வந்த ஆளில்லா வண்டி, மூன்றாவது தூணருகே ஒரு முழம் விலகி, யாருக்கோ வழிவிட்டதுபோல் வளைந்து, மறுபடி தன் பாதைக்கு வந்தது. அங்கே யாரும் இல்லை.

அதற்கு வழி பழக்கியவள் தெரேசா. இரண்டு நாள் அவள் முன்னால் நடக்க, அவள் போன தடத்தை அது அப்படியே மனப்பாடம் செய்தது. நான்கு மாதத்துக்கு முன், உடன் வேலை செய்த அம்மாக்கண்ணு கொழுந்து சுருட்டும் ரோலரில் சிக்கிச் செத்து விழுந்த இடம் அந்தத் தூணடி. அன்றிலிருந்து தொழிற்சாலையில் ஒருவர் காலும் அங்கே படுவதில்லை. பழக்கும்போதும் தெரேசாவின் கால் தானாகச் சுற்றிப் போயிருந்தது.

"ஒன் பயத்த மெஷினுக்கும் ஒட்ட வச்சிட்டியா?" என்றார் தொழிற்சாலையின் பொறுப்பாளரான டீமேக்கர் முத்துலிங்கம். தோல் சப்பாத்துக் காலால் அந்த இடத்தை மிதித்தே வண்டிக்குப் புதிதாக வழி பழக்கினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் மனிதர்.

பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார். அம்மாக்கண்ணு தன் கவனக்குறைவால்தான் விழுந்தாள் என்றிருந்தது. ரோலரின் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னவர் அவர். அதைக் கேட்டவள் தெரேசா ஒருத்திதான்.

"நாளைக்கு விசாரணைக்கு வர்றாங்க. அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடு. இல்லாட்டி ஒனக்கு வேல இல்ல."

தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மலையிலிருந்து இறங்கிய பனி ஜன்னல் வழியே நுழைந்து, கொழுந்து வாடையோடும் சூடான எண்ணெய் வாடையோடும் கலந்து, விளக்குகளை மங்கவைத்து, ரோலர்களின் உறுமலைக்கூட எங்கோ தொலைவில் கேட்பதுபோல் ஆக்கியிருந்தது. வண்டி வந்தது. மூன்றாவது தூணை நேராகக் கடந்தது. தெரேசாவுக்கு மூச்சு வந்தது.

இரண்டாவது தூணருகே வளைந்தது.

அடுத்த நடையில் முதல் தூணருகே. வண்டி எதைச் சுற்றிப் போகிறதோ, அது நடந்து வருகிறது. என்னிடமா? அதற்கடுத்த நடையில் அவள் மேசையருகே வளைந்தது. கைக்கெட்டும் தூரம்.

அவள் ஓடவில்லை. கடிதத்தை நான்காகக் கிழித்தாள்.

"பொய் சொல்ல மாட்டேன், அம்மாக்கண்ணுக்கா. வேல போனாப் போகட்டும். நாளைக்கு எல்லாத்தயும் சொல்லுவேன்."

மறு நடை. வண்டி அவளை நேராகக் கடந்தது. டீமேக்கரின் அறைக் கதவருகே வளைந்தது.

அதற்கடுத்த நடையில் எங்குமே வளையவில்லை.

"தெரேசா! யாரு இது? யார உள்ள விட்ட?"

முத்துலிங்கம் கத்திய அறையின் கதவு சாத்தித்தான் இருந்தது.

"நீங்க மிதிச்ச எடத்துல நின்னவங்க, ஐயா."

கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம். நான்கு பாதங்கள்.

பிறகு இரண்டு.

இரண்டிலும் சப்பாத்து இல்லை.