கூவாத சேவல்

“உம்மா, மலக்கைப் பாத்துதான் சேவல் கூவும்னா, கூவாத சேவல் எதைப் பாக்குது?”

மகன் ரிஜ்வான் சிறுவயதில் கேட்டது; மலக்கு என்றால் வானவர் என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவன் இப்போது கத்தாரில். மஃரிப் தொழுதுவிட்டுப் பின்முற்றத்துக்கு வந்த ரஸீனாவுக்கு அந்தக் கேள்வி ஏனோ நினைவுக்கு வந்தது. அந்தி கழிந்தும் கோழிகள் கம்பில் ஏறி அடையவில்லை. கூட்டுக்குள் எரிந்த குண்டுபல்பின் கீழே ஆறும் வரிசையாக நின்று, மூலையில் ஒடுங்கியிருந்த இளஞ்சேவலையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கொக்கரிப்பும் இல்லை.

பருந்தின் காலிலிருந்து நழுவி விழுந்த குஞ்சு அது. உள்ளங்கையில் குருணை வைத்து ஊட்டி, அடுக்களையிலேயே வளர்த்தாள். இன்னும் ஒருமுறைகூடக் கூவியதில்லை. இருட்டியபின் கோழிகளுக்கு நடுவே ஏற்றிவிட்டால், விடியும்போது தங்களில் ஒன்றென்று நினைத்துக்கொள்ளும் என்பார்கள். நேற்று அப்படித்தான் விட்டாள். விடிந்தபோது அதன் முதுகு பிய்ந்திருந்தது. பகலெல்லாம் கூடைக்குள் மூடிவைத்து, பொழுது சாய மறுபடி விட்டிருந்தாள்.

“பொட்டைக்கிட்ட கொத்து வாங்குததெல்லாம் ஒரு சேவலா ஏட்டி?” மதிலுக்கு அப்பாலிருந்து ஜுபைதா பீவி சிரித்தாள். “அறுத்து ஆணம் வைப்பியா, மருந்து போட்டுட்டு நிக்க!”

“உசிரில்லியா மாமி. பழகிரும்.”

“பழகும், பழகும்.” அடுத்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. டிவி சத்தம் உயர்ந்தது.

சிரட்டையில் குழைத்த மஞ்சளும் சுண்ணாம்புமாக ரஸீனா கூட்டுக்குள் குனிந்து நுழைந்தாள். எச்சத்தின் காரநெடி, ஈரமான உமியின் புழுக்கம், தேங்காய்ப்பட்டணத்துக் கடலின் இரைச்சல். உட்கார்ந்து, சேவலை மடியிலெடுத்துப் புண்ணில் பத்துப் போட்டாள். அது அவள் மணிக்கட்டில் தலையைச் சாய்த்தது.

காற்றில் கூட்டுக் கதவு அடைபட்டது. வெளியே கொண்டி விழுந்தது.

உமியில் நகங்கள் நகர்ந்தன.

அவள் கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு பட்ட மஞ்சள் இரத்தமாய்ச் சிவந்திருந்தது. சேவலின் முதுகும். கோழி சிவப்பைத்தான் கொத்தும். இப்போதுதான் உறைத்தது.

முதல் கொத்து அவள் விரலில்.

“மாமி!”

டிவியில் யாரோ சிரித்தார்கள்.

கண்ணை மூடினாள். அடுத்த கொத்து விழவில்லை. மடியிலிருந்த சூடு எழுந்து முன்னே போனது. இறக்கை விரியும் ஓசை. பிறகு அலகுகள். ஊட்டிய ஒவ்வொரு குருணைக்கும் ஒன்றாக.

வெகுநேரம்.

கண்ணைத் திறந்தாள். சேவல் அவளை மறைத்தபடி இன்னும் நின்றிருந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்.

அது கழுத்தை மெல்லத் திருப்பியது. அவள் தோளுக்குப் பின்னாலிருந்த இருட்டை நோக்கி, முதன்முறையாகக் கூவியது.

ஆறு கோழிகளும் கொத்துவதை நிறுத்தி, அங்கேயே பார்த்தன.