செருப்புத் திட்டில் ஒரு முயல்

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கொடிவேரிக்காரர்களுக்குக் கொடிவேரியில் இடம் இருக்காது.

அணைக்குக் குளிக்க வருகிற கூட்டம் அப்படி. கோயமுத்தூரிலிருந்து கார்கள், திருப்பூரிலிருந்து வேன்கள், எங்கிருந்தெல்லாமோ பேருந்துகள். மதிவதனி வாசலில் கோலம் போட்டு நிமிர்வதற்குள் அதன் மேலேயே ஒரு காரை நிறுத்திவிட்டு, "பாப்பா, வண்டியக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

போதாததற்குக் கேள்விகள் வேறு. "ஆத்துல முதலை இருக்கா?" "இங்கே சிக்னல் கிடைக்குமா?" "தண்ணிய எத்தனை மணிக்கு நிறுத்துவீங்க?"

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மதியும் பக்கத்து வீட்டுக் கிஷனும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தார்கள். வெளியூர்க்காரர்களிடம் யார் பெரிய கதையாக விடுவது என்று போட்டி. போன வாரம் கிஷன்தான் ஜெயித்தான். ஒரு கண்ணாடிக்காரரிடம், "பொழுது சாஞ்சா அணையச் சுருட்டி உள்ள வெச்சுருவோமுங்க" என்று சொல்லிவிட்டான். அவர் "அப்படியா!" என்று அணையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாரே, அதை நினைத்து நினைத்து இருவரும் இரண்டு நாள் சிரித்தார்கள்.

இந்த வாரம் எப்படியும் தான்தான் ஜெயிக்க வேண்டும் என்று மதி முடிவு செய்திருந்தாள். ஆனால் அன்று காலையே அவளுக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது.

மதியின் அம்மா அணைக்குப் போகும் பாதையில் மீன் வறுத்து விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மதிதான் இலையில் மீனை வைத்து எடுத்துக் கொடுப்பாள். அன்று அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண் என்று ஒரு குடும்பம் வந்தது. அந்தப் பெண் கழுத்தில் ஒரு துணி முயலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மதி இலையை நீட்டியதும் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, இந்த அக்கா மேல மீன் நாத்தம் அடிக்குது."

"கனிஷ்கா! அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று அப்பா அதட்டினார். ஆனால் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மதிக்குக் காது இரண்டும் சுட்டன. மீன் கடையில் மீன் வாசனை அடிக்காமல் மல்லிகைப்பூ வாசனையா அடிக்கும்?

மத்தியானம் மதியும் கிஷனும் குளிக்கும் துறைக்குக் கீழே கரையில் உட்கார்ந்திருந்தபோது, அதே பெண் முயலோடு வந்து நின்றாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் சற்றுத் தள்ளித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, இங்கே என்ன ஸ்பெஷல்?" என்று கேட்டாள். காலையில் நடந்தது அவளுக்கு நினைவே இல்லை போலிருந்தது. மதிக்கு அதுவே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"உனக்குத் தெரியாதா?" என்றாள் மதி, முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொண்டு. "இங்க ஒரு வழக்கம் இருக்குது. உனக்கு எது ரொம்பப் புடிக்குமோ அத ஆத்துக்குக் குடுக்கோணும். குடுத்துட்டு, வேண்டுனத உள்ளூர்க்காரங்க காதுல சொல்லோணும். சொன்னா அப்படியே நடந்துரும்."

கிஷன் சிரிப்பை அடக்க முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கனிஷ்கா யோசித்தாள். கழுத்திலிருந்த முயலைக் கழற்றி நெஞ்சோடு ஒருமுறை அணைத்தாள். மதி "ஏய்" என்று வாய் திறப்பதற்குள் முயலைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். முயல் ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டத்தில் போயே போய்விட்டது.

அதோடு முடிந்திருந்தால் மதி சிரித்திருப்பாள். ஆனால் கனிஷ்கா அவள் காதருகே குனிந்தாள்.

"ஸ்கூல்ல யாராவது என் பக்கத்துல உக்காரணும்."

பிறகு தன் சாதாரணக் குரலில் சொன்னாள். "நாங்க சென்னையிலேர்ந்து இப்பத்தான் சத்தியமங்கலம் வந்திருக்கோம். கிளாஸ்ல எல்லாரும் என்னை மெட்ராஸ்காரின்னு சொல்லித் தள்ளித் தள்ளி உக்கார்றாங்க. தேங்க்ஸ்க்கா. நீ சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது."

சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு ஓடினாள்.

அழுதிருந்தால்கூட மதி சமாளித்திருப்பாள். அந்தப் பெண் நன்றி அல்லவா சொல்லிவிட்டுப் போகிறாள்! மதிக்கு வெட்கமாகிவிட்டது. அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"அடேயப்பா! நீதான் ஜெயிச்ச" என்றான் கிஷன். "அப்பறம் ஏன் சிரிக்கமாட்டீங்கற?"

"சும்மா இரு" என்றாள் மதி.

சும்மா இருக்க முடிந்தால்தானே! சற்று நேரத்தில் அவள் கடைக்குத் திரும்பியபோது, ஒரு பையன் தன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆத்துல எந்த இடத்துல போடணும்?" என்று கேட்டுக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு அத்தை வளையலைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அதென்னமோ அந்தப் பாப்பா சொல்லுச்சு" என்று அவர் மதியின் அம்மாவிடம் சொன்னார். "புடிச்சத ஆத்துக்குக் குடுத்தா நெனைச்சது நடக்குமாமே?"

அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "ஏனம்மணி மதி, இதென்ன புது வழக்கம்? நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ. எனக்கே தெரியாதே?"

"தெரியலீங்ம்மா" என்றாள் மதி.

ஒரு பொய் போதாது என்று இப்போது இரண்டாகிவிட்டது. அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல், கரையோரமாகவே ஓடினாள்.

ஆறு வளைகிற இடத்தில் நாணல் மண்டிய ஒரு மணல் திட்டு உண்டு. குளிக்க வருகிறவர்கள் தொலைக்கிற செருப்பெல்லாம் கடைசியில் அங்கேதான் போய் ஒதுங்கும். அதனால் உள்ளூர்ப் பிள்ளைகள் அதற்குச் செருப்புத் திட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். மிதக்கிற பொருள் எதுவானாலும் அதைத் தாண்டிப் போகாது. வெளியூர்க்காரர்கள் யாருக்கும் அது தெரியாது.

மதி கரையில் நின்று பார்த்தாள். ஒற்றைச் செருப்புகள், தண்ணீர் பாட்டில்கள், ஒரு பிளாஸ்டிக் குடம். நாணலுக்கு நடுவே, காது மட்டும் தெரிய, முயல்!

ஆனால் திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழம். ஊர்ப்பிள்ளை யாரும் அதில் இறங்கமாட்டார்கள். நல்ல வேளையாக, பரிசல் ஓட்டுகிற மாசாணம் அண்ணன் ஆளில்லாத பரிசலைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"அண்ணா! அந்த முயல எடுத்துக் குடுங்கண்ணா!"

"அதெப்படி அம்மணி இங்க வந்துச்சு?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாசாணம் அண்ணன் பரிசலே ஆடும்படி சிரித்தார். துடுப்பால் முயலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் கதை உட்டிருக்கற, போ! எனக்கே இது தோணலயே" என்றார்.

வேறு நாளாக இருந்தால் அந்தப் பாராட்டுக்கு மதி குதித்திருப்பாள். இப்போது அது திட்டுவதை விட மோசமாக இருந்தது.

சொட்டச் சொட்ட முயலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மீன் கடைக்கு எதிரே, கார்கள் நிற்கும் புளியமரத்தடியில் ஒரு கல் பலகை. அதில் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும் பிள்ளைகள்! தொப்பிப் பையனும் அங்கேதான் இருந்தான். எல்லாரும் வாயைப் பிளந்து கேட்க, கனிஷ்கா கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ளூர்க்காரங்க காதுலதான் சொல்லணும். அதுதான் முக்கியம்."

அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. மதியின் கால்கள் தயங்கின. உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் கனிஷ்காவை என்ன நினைப்பார்கள்? சொல்லாவிட்டால் அந்தத் தொப்பி போகும், அத்தையின் வளையல் போகும், இன்னும் என்னென்னவோ போகும்.

கனிஷ்கா முயலைப் பார்த்துவிட்டாள். "ஐ! அக்கா! ஆறே திருப்பிக் குடுத்துடுச்சா? அப்போ நான் கேட்டது கண்டிப்பா நடந்துடும், இல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் கைதட்டுவார்கள். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மதிக்கு நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"அப்படி ஒரு வழக்கமே கெடையாதுங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "நாந்தான் பொய் சொன்னேன். இந்தப் பாப்பா பொய் சொல்லல. நான் சொன்னத நம்பித்தான் உங்ககிட்டச் சொல்லியிருக்குது. யாரும் ஆத்துல எதையும் போடாதீங்க."

மீன் கடையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். வளையல் அத்தை வளையலைத் திரும்ப மாட்டிக்கொண்டே மதியை மேலும் கீழும் பார்த்தார். மதிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று துடைக்காமல் நின்றாள்.

கனிஷ்கா எழுந்துவந்து முயலைப் பிடுங்கினாள். "ஏன் பொய் சொன்னே?"

"காத்தால எல்லாரு முன்னாலயும் என்னைய அப்படிச் சொல்லிப்போட்டியே, அந்தக் கோவம். தப்புத்தான்."

கனிஷ்கா ஈர முயலாலேயே மதியின் கையில் சொத்தென்று ஓர் அடி போட்டாள். மதி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நானும் சொல்லியிருக்கக் கூடாது" என்று முணுமுணுத்தாள் கனிஷ்கா. "ஆனா நீ பண்ணினதுதான் பெரிய தப்பு."

"ஆமா" என்றாள் மதி.

கதை பொய் என்றதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். தொப்பிப் பையன் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு கடைசியாக ஓடினான். கனிஷ்கா தனியாகக் கல் பலகைக்குத் திரும்பினாள்.

"அப்போ ஸ்கூல்ல யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டாங்களா?"

மதிக்கு இன்னொரு கதை விட மனசில்லை.

"அது எனக்குத் தெரியாது கண்ணு" என்றாள். "இப்ப நான் உக்காரட்டுமா?"

கனிஷ்கா முயலைத் தூக்கித் தனக்குப் பக்கத்தில் வைத்து இடத்தை அடைத்தாள். மதி நின்றுகொண்டே இருந்தாள். கனிஷ்கா ஆற்றைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், மதியைப் பார்த்தாள்.

பிறகு முயலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாள்.